தன்வந்திரியின் கையில் அட்டை

பாற்கடலைக் கடைந்தபொழுது அமிர்த கலசத்தை ஏந்தி வெளிப்பட்டவர் தன்வந்திரி என்பது புராணம். தென்னாட்டில் வழங்கும் அவருடைய தியான சுலோகம் அவருக்கு நான்கு திருக்கரங்களைக் கூறுகிறது. ஒன்றில் சங்கு, மற்றொன்றில் சக்கரம், மூன்றாவதில் அமிர்த கலசம். நான்காவது கையில் இருப்பது மலருமன்று, மூலிகையுமன்று, அட்டை! காகித அட்டையோ மரவட்டையோ என்று ஐயுற வேண்டா. குளத்து நீரில் இறங்குவோரின் காலைப் பற்றி உதிரத்தை உறிஞ்சுகிறதே, அந்த அட்டைதான். சாவாமை தரும் அமிர்தத்தை ஒரு கையிலும், இரத்தம் குடிக்கும் புழுவை மற்றொரு கையிலும் வைத்து ஒரு தெய்வத்தை வழிபட்டவர்கள், அந்தப் புழுவுக்கு அளித்த மதிப்பு சாமானியமானதன்று. அம்மதிப்பு எதனால் வந்தது, இடையில் எப்படிப் போயிற்று, மீண்டும் எவ்வழியாகத் திரும்பிற்று என்பதே இப்பேச்சின் பொருள்.

வேங்கட மலையைத் தமிழகத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் குறிக்கிறது. அம்மலையின் அடியில் திருப்பதியும், அதற்குத் தென்மேற்கே சித்தூரும் அமைந்துள்ளன. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் சீமை இது. 1911-ல் சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டமாகச் சித்தூர் அமைக்கப்பெற்றது. 1953-ல் அது ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 1960-ல் திருத்தணிப் பகுதி அதிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 2022-ல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் எத்தனை முறை மாறினும், கிராமத்து ஏரியில் வாழும் அட்டைக்கு அதனால் ஒரு குறையும் நேரவில்லை. தமிழர் வாயில் அது அட்டை, தெலுங்கர் வாயில் ஜலக. ஏரியைத் தெலுங்கில் செருவு என்பர். ஆண்டு முழுதும் நீரோடும் பேராறு ஒன்றும் இல்லாத இந்தச் சீமையில், ஸ்வர்ணமுகியும் பாலாறும் பெரும்பாலும் மணலாகவே காட்சியளிக்க, உழவும் குடியும் ஏரிகளையே நம்பி நின்றன. ஏரி இருக்கும் இடத்தில் எருமை இறங்கும். எருமை இறங்கும் இடத்தில் அட்டை இருக்கும். மெத்தையில் வைத்தாலும் அது குட்டையையே தேடும் என்று நம் பழமொழி அதனை இழித்துப் பேசுகிறது. மருத்துவ நூல்களோ அவ்வாறு பேசவில்லை.

தெலுங்கின் 'ஜலக' என்னும் சொல் வடமொழியின் 'ஜலௌகா' என்பதோடு உறவுடையது. வடநாட்டில் வாழும் நேயர்கள் கேட்டிருக்கக்கூடிய 'ஜோங்க்' என்பதும் அவ்வினத்ததே. நீரே உறைவிடமாக உடையது ஜலௌகா என்று பொருள் விரிப்பவர் சுஸ்ருதர். அறுவை மருத்துவத்துக்கு நம் நாட்டில் மூல நூலாக விளங்குவது அவர் பெயரால் வழங்கும் சுஸ்ருத சம்ஹிதை. நேபாளத்தில் காக்கப்பெற்றுவரும் அதன் பழைய ஓலைச்சுவடி ஒன்று கி.பி. 878-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நூலோ அதனினும் பல நூற்றாண்டுகள் மூத்தது. அந்நூலின் முதற்பகுதியில் 13-ஆம் அத்தியாயம் முழுவதும் அட்டைக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது. படிக்கப் படிக்கச் சுவையுள்ள அத்தியாயம் அது. சற்று விரிவாகவே பார்ப்போம்.

அட்டைகள் பன்னிரண்டு வகை. அவற்றுள் ஆறு நஞ்சுடையன, ஆறு நஞ்சற்றன என்று நூல் தொடங்குகிறது. அழுகிய மீனும் தவளையும் கிடக்கும் கலங்கிய நீரில் தோன்றுவன நஞ்சுடையன. தாமரையும் குவளையும் பூத்த தெளிந்த நீரில் வாழ்வன நல்லன. அழுகலிலிருந்து உயிர் தோன்றுகிறது என்னும் கொள்கையை நாம் இன்று ஏற்பதில்லை. ஆயினும் எந்த நீரிலிருந்து எடுத்த அட்டை என்று கேட்காமல் அதனை உடம்பில் விடலாகாது என்னும் எச்சரிக்கை இன்றும் பொருளுடையது. நல்ல அட்டைகள் கிடைக்கும் நாடுகளையும் நூல் பெயர் சொல்லிக் குறிக்கிறது. யவன நாடு, பாண்டிய நாடு, மேற்குத் தொடர்ச்சி மலையாகிய சஹ்யம், பௌதனம் ஆகியவை அவை. பாண்டிய நாட்டின் முத்தைப் புகழ்ந்த வடமொழி நூல்கள் பல உண்டு. அதன் அட்டையைப் புகழ்ந்தது இந்நூலே!

பிடிப்பதற்கும் வளர்ப்பதற்கும் முறை உண்டு. ஈரத் தோலைக் கொண்டு பிடித்து, புதிய பெரிய பானையில் குளத்து நீரும் சேறும் இட்டு அதில் விடவேண்டும். நீர்த்தாவரங்களின் கிழங்கைப் பொடித்து உணவாக இடவேண்டும். படுக்கைக்குப் புல்லும் நீரிலையும் வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை நீரையும் உணவையும் மாற்றவேண்டும். ஏழு நாளுக்கு ஒருமுறை பானையையே மாற்றவேண்டும். நோயாளிக்குச் செய்யும் பணிவிடையிலும் அட்டைக்குச் செய்யும் பணிவிடை குறைந்ததன்று என்று தோன்றுகிறதல்லவா?

இனி, சிகிச்சை. கடுகும் மஞ்சளும் அரைத்த விழுதை அட்டையின் உடலில் பூசி, ஒரு முகூர்த்த நேரம் நீர்ப் பாத்திரத்தில் விட்டு, அது சோர்வு நீங்கியபின் நோயுள்ள இடத்தில் விடவேண்டும். மெல்லிய வெண்துணியை நனைத்து அதன்மேல் போர்த்தி, வாயை மட்டும் திறந்து வைக்கவேண்டும். பற்றாவிட்டால் ஒரு துளி பாலோ இரத்தமோ அவ்விடத்தில் இட வேண்டும். அதற்கும் பற்றாவிட்டால் வேறோர் அட்டையை எடுக்கவேண்டும். குதிரைக் குளம்பு போல வாயை விரித்து, கழுத்தை உயர்த்தினால் அது பற்றிக்கொண்டது என்று அறியலாம். இந்த உவமையை எழுதியவர் ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் பெயர்த்தவர் அல்லர். குனிந்து உட்கார்ந்து தம் கண்ணால் பார்த்தவர்.

அடுத்து வருவதுதான் அத்தியாயத்தின் உயிர் நாடி. கடித்த இடத்தில் குத்தலும் அரிப்பும் தோன்றினால், கெட்ட இரத்தம் தீர்ந்து நல்ல இரத்தத்தை அட்டை குடிக்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ளவேண்டும். அக்கணமே அதனை அகற்றவேண்டும். இரத்த மணத்தால் அது விடாமல் பற்றியிருந்தால் அதன் வாயில் இந்துப்பைத் தூவவேண்டும். அதன்பின் அட்டையின் உடலில் அரிசிமாவைத் தூவி, வாயில் எண்ணெயும் உப்பும் தடவி, இடக்கை விரல்களால் வாலைப் பிடித்துக்கொண்டு, வலக்கை விரல்களால் வாலிலிருந்து வாய்வரை மெல்ல நீவி, குடித்த இரத்தம் முழுவதையும் கக்கச் செய்யவேண்டும். நன்கு கக்கியதை நீரில் விட்டால் அது உணவு நாடி ஊர்ந்து திரியும். கக்காதது அசைவின்றி அடியில் கிடக்கும். அதனை மறுபடியும் கக்கச் செய்யவேண்டும். இல்லையேல் இந்திரமதம் என்னும் தீராநோய் அட்டைக்கு வரும். பின்வந்த வாக்படர், ஒருமுறை குடித்த அட்டையை ஏழு நாள் வரை மறுபடியும் பயன்படுத்தலாகாது என்று தம் அஷ்டாங்க ஹிருதயத்தில் விதித்தார்.

குருதி வாங்கும் வழிகள் பல. கொம்பு வைத்து உறிஞ்சுதல், சுரைக்குடுக்கை வைத்து உறிஞ்சுதல், கத்தியால் நரம்பைக் கீறுதல் ஆகியனவும் உண்டு. வாதத்துக்குக் கொம்பு, பித்தத்துக்கு அட்டை, கபத்துக்குச் சுரைக்குடுக்கை என்று சுஸ்ருதர் பகுத்தார். அவை அனைத்திலும் மென்மையானது அட்டையே என்பதும் அவருடைய கருத்து. அரசர், செல்வர், குழந்தைகள், முதியோர், அச்சமுடையோர், மெலிந்தோர், பெண்டிர் ஆகியோருக்கு இரங்கி ஏற்பட்ட வழி அது என்கிறார். நம்மில் பலர் அட்டை என்றதும் முகம் சுளிக்கிறோம். கத்திக்கு அஞ்சுவோருக்கு அட்டையே ஆறுதல் என்பது அன்றைய எண்ணம்.

இவ்விதிகளை ஒருங்கே நோக்கினால் ஒன்று புலனாகும். எதனை விடுவது என்பதைவிட எப்போது எடுப்பது என்பதிலேயே நூல் கருத்துச் செலுத்துகிறது. அட்டைக்கு அளவு தெரியாது; வைத்தியனுக்குத் தெரியவேண்டும். பாலும் நீரும் கலந்ததில் அன்னம் பாலை மட்டும் அருந்துவதுபோல அட்டையும் கெட்ட இரத்தத்தையே முதலில் பருகும் என்று வாக்படர் உவமை கூறினார். உவமை அழகியதே, உண்மையன்று. அட்டை நல்லதும் தீயதும் பிரித்துப் பருகும் திறமுடையது என்று இன்றைய விஞ்ஞானம் காணவில்லை. ஆனால் நிறுத்தும் இடத்தைப் பற்றிய விதி, உவமை பொய்த்தபின்னும் நிற்கிறது.

தமிழ் மருத்துவமாகிய சித்த மருத்துவத்தில் புற மருத்துவ முறைகள் 32 என்று கணக்கிடுவர். கட்டு, பற்று, ஒற்றடம் என்று தொடங்கும் அந்த வரிசையில் 'அட்டைவிடல்' தனியாக ஒன்று. கொம்பு கட்டல், உறிஞ்சல், குருதி வாங்கல் ஆகியவை வேறு. அட்டையை 'விடல்' என்னும் சொல்லாட்சி எனக்கு மிகவும் பிடித்தமானது. தடவுவதுமன்று, கட்டுவதுமன்று, உயிருள்ள ஒன்றை அதன் தொழிலைச் செய்ய விடுவது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நான், இந்த ஒரு சொல்லுக்கு ஈடான பிறமொழிச் சொல்லை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இம்மருத்துவத்தைக் கையால் செய்தவர் யார்? இங்கே பாலாற்றின் வழியே சிறிது தூரம் செல்லவேண்டும். சித்தூர் மாவட்டத்துக் குப்பம் பகுதியைத் தொட்டுக்கொண்டு தமிழ்நாட்டில் நுழையும் பாலாறு, காஞ்சிபுரத்துக்கு அப்பால் செய்யாற்றோடும் வேகவதியோடும் கூடும் இடம் திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் சோழ மன்னன் வீரராசேந்திரனின் நெடிய கல்வெட்டு ஒன்று உள்ளது. காலம் 1069 என்பர். வேதம் பயிலும் மாணவர்க்கும் கோயிற்பணியாளருக்குமாக அமைந்த 'வீரசோழன்' என்னும் ஆதுலசாலையை அது விவரிக்கிறது. 15 படுக்கைகள், ஒரு வைத்தியர், சல்லியக்கிரியை, அதாவது அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர இருவர், நோயாளரைப் பேண இருவர், நீர் கொணர ஒருவர், இவர்களோடு நாவிதர் ஒருவர். மருந்துகளின் பெயர்களும் உண்டு. அட்டையைப் பற்றிய பேச்சு அதில் இல்லை. ஆனால் வைத்தியரும் அறுவை செய்பவரும் வெவ்வேறு ஆட்கள் என்பதும், ஆதுலசாலையில் நாவிதருக்கும் இடம் இருந்தது என்பதும் கருதத்தக்கவை.

தமிழ்நாட்டில் நாவிதர் மரபினருக்கு மருத்துவர் என்றே ஒரு பெயர் வழங்கிற்று; பேறு பார்த்த அம்மரபின் பெண்களே மருத்துவச்சியர். கட்டியைக் கீறுவதும், புண்ணுக்கு மருந்து கட்டுவதும், குருதி வாங்குவதும் அவர்கள் கைத்தொழிலில் அடங்கின. இது நமக்கு மட்டும் உரியதன்று. இலண்டன் மாநகரில் 1540 முதல் 1745 வரை நாவிதரும் அறுவை மருத்துவரும் ஒரே சங்கத்தினராகவே இருந்தனர். பழைய ஆங்கிலத்தில் மருத்துவனுக்கும் அட்டைக்கும் ஒரே சொல்தான் வழங்கிற்று. நூல் ஓரிடத்திலும் கை ஓரிடத்திலும் பிரிந்து கிடந்தது நம் நாட்டின் துரதிருஷ்டம். சம்ஹிதையை ஓதியவர்கள் காலப்போக்கில் இரத்தத்தையும் சீழையும் தொடக் கூசினர். தொட்டவர்களுக்கோ ஏட்டுக் கல்வி மறுக்கப்பட்டது. அங்கே அச்சங்கத்தின் ஒரு பாதி கல்லூரியாக வளர்ந்தது. இங்கே கைத்திறன் வீட்டுத் திண்ணையிலேயே நின்று, தந்தையிடமிருந்து மகனுக்கு வந்து, ஒரு தலைமுறையில் அறுந்தது. சாதியின் தீங்கைப் பற்றிப் பலரும் பலவாறு எழுதியுள்ளனர். அறுவை மருத்துவத்துக்கு அது இழைத்த தீங்கு போதிய அளவு எழுதப்படவில்லை என்பது என் எண்ணம்.

அட்டை மருத்துவம் மேற்கே சென்ற கதையையும் கூறவேண்டும். கிரேக்கரும் ரோமரும் அதனைத் தாமாகவே அறிந்திருந்தனர். ஆயினும் எட்டாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிப் பாக்தாத் நகரில், பர்மகி அமைச்சர் குலத்தின் ஆதரவில், மங்கா என்று அரபு நூல்கள் குறிக்கும் இந்திய வைத்தியர் சுஸ்ருதத்தை அரபுச் சொல்லில் பெயர்க்கச் செய்தார். பதினோராம் நூற்றாண்டில் தம் 'கானூன்' நூலை இயற்றிய இப்னு சீனா, அட்டைகளுள் சில நஞ்சுடையன என்பதை இந்தியரின் கூற்றாகவே எடுத்துரைக்கிறார். அந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பியக் கல்லூரிகளில் பல நூற்றாண்டுகள் பாடமாயிற்று. மொழிபெயர்ப்பாளன் ஒருவனின் உழைப்பு எவ்வளவு தொலைவு போகும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று ஏது!

எச்சரிக்கை சென்று சேர்ந்தது. அளவு சென்று சேரவில்லை. நெப்போலியனின் படையில் மருத்துவராக இருந்த புரூசே என்பவர், நோய் யாவும் குடலின் அழற்சியிலிருந்தே பிறக்கின்றன என்றும், அதற்கு மருந்து பட்டினியும் அட்டையுமே என்றும் பாரிஸ் நகரில் போதித்தார். காய்ச்சலா, அட்டை, வயிற்று வலியா, அட்டை, மனச்சோர்வா, அதற்கும் அட்டை. ஒன்றிரண்டு அல்ல, பத்துப் பத்தாக. 1833-ஆம் ஆண்டில் மட்டும் பிரான்ஸ் நாடு வெளிநாடுகளிலிருந்து இறக்குமதி செய்த அட்டைகள் 4 கோடியே 15 இலட்சம். உள்நாட்டுக் குட்டைகள் அதற்கு முன்பே வறண்டிருந்தன. இங்கிலாந்திலும் இதே நிலைமை. 1807-ல் வெளியான வோர்ட்ஸ்வொர்த்தின் கவிதை ஒன்றில் அட்டை பிடித்துப் பிழைக்கும் கிழவன், முன்பு எங்கும் நிறைந்திருந்தவை இப்போது அருகிவிட்டன என்று கூறுகிறான். கல்லூரியில் அக்கவிதையைப் பாடமாகப் படித்தபோது கிழவனின் மனவுறுதியைப் பற்றிக் குறிப்பெழுதினோமே ஒழிய, அட்டைகள் எங்கே போயின என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

எந்த நோய்க்கும் இதுவே மருந்து என்றால், எந்த நோய்க்கும் அது மருந்தாக நில்லாது. அதே பாரிஸ் நகரில் லூயி என்னும் மருத்துவர், நுரையீரல் அழற்சியுற்ற நோயாளிகளைக் கணக்கிட்டு ஒப்பிட்டு, குருதி வாங்குவதால் விளையும் நன்மை பிறர் எண்ணியதைவிட மிகச் சிறிதே என்று 1835-ல் நூலெழுதினார். மருத்துவத்தில் எண்ணிக் கணக்கிடும் முறை வேரூன்றியது ஓரளவுக்கு அட்டையின் தயவால் எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஐரோப்பிய மருத்துவம் அட்டையைக் கைவிட்டது. கைவிட்டதோடு நில்லாமல், அதனைப் பேதைமையின் சின்னமாகவும் ஆக்கிற்று. அந்த ஐரோப்பிய மருத்துவமே நம் நாட்டில் ஆட்சி செலுத்தியமையால், அதன் இகழ்ச்சியும் உடன் வந்து சேர்ந்தது. பாரிஸ் செய்த மிகைக்குப் பாண்டிய நாட்டு அட்டையும் தண்டனை பெற்றது.

1921-ல் சென்னை அரசாங்கம் முகமது உஸ்மான் தலைமையில், நாட்டு மருத்துவ முறைகளை ஆராய ஒரு குழுவை அமைத்தது. சித்தூர் அப்போது சென்னை மாகாணத்தின் பகுதி. தமிழிலும் தெலுங்கிலும் வடமொழியிலும் உருதுவிலும் வைத்தியர்கள் எழுதியனுப்பிய விடைகளை அக்குழு தன் 1923-ஆம் ஆண்டு அறிக்கையோடு அச்சிட்டது. மருந்துத் துறையில் நம் முறைகள் தம் காலில் நிற்கவல்லன என்றும், அறுவைத் துறையில் அவ்வாறு கூற இயலாது என்றும் குழு கருதிற்று. இதன் பயனாக 1920களில் சென்னையில் அரசாங்க இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. நூல்கள் மீண்டும் வகுப்பறைக்கு வந்தன. திண்ணையில் இருந்த கைகள் வந்தனவா என்று கேட்டால், விடை அவ்வளவு மகிழ்ச்சிக்குரியதன்று.

இதற்கிடையே ஆய்வுக்கூடத்தில் அட்டை வேறொரு பிறவி எடுத்துக்கொண்டிருந்தது. அட்டை கடித்த இடத்தில் இரத்தம் எளிதில் உறைவதில்லை. அட்டையை அகற்றியபின்னும் பல மணி நேரம் கசிந்துகொண்டே இருக்கும். ஏன்? அதன் உமிழ்நீரில் இரத்தத்தை உறையவிடாத பொருள் ஒன்று இருப்பதை 1884-ல் ஹேகிராப்ட் என்னும் ஆங்கிலேய அறிஞர் காட்டினார். அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பின் ஹிருடின் என்னும் பெயர் அமைந்தது. 1957-ல் ஜெர்மானிய அறிஞர் மார்க்வார்ட் அதனைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார். இதயக் குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சையில் இன்று பயன்படும் பைவாலிருடின் என்னும் ஊசிமருந்து, அந்த ஹிருடினின் அமைப்பைப் பார்த்துச் செய்யப்பட்டதே.

அட்டை நேரில் மருத்துவமனைக்குத் திரும்பியது வேறொரு வாயில் வழியாக. விபத்தில் துண்டான விரலையோ காதையோ மீண்டும் ஒட்டவைக்கும் அறுவையில் ஒரு சிக்கல் உண்டு. இரத்தத்தைக் கொண்டுவரும் தமனி சற்றுத் தடித்தது, அதனைத் தைத்துவிடலாம். இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை மிக மெல்லியது, தைப்பது அரிது. வாய்க்கால் திறந்து வடிகால் அடைபட்ட வயல்போல, ஒட்டிய உறுப்பில் இரத்தம் தேங்கி, அது கறுத்து அழுகிவிடும். புதிய சிரைகள் தாமே முளைக்கும்வரை சில நாட்களுக்குத் தேங்கிய இரத்தம் வடிய ஒரு வழி வேண்டும். ஐந்து முதல் பதினைந்து மில்லிலிட்டர் இரத்தத்தைத் தானும் குடித்து, பின்னும் கசியவிட்டுச் செல்லும் அட்டையைவிடப் பொருத்தமான வடிகால் இதற்கு ஏது? 1960-ல் யூகோஸ்லாவியாவின் லியூப்லியானா நகரத்து அறுவை மருத்துவர் இருவர் இதனைச் செய்து எழுதினர். 1985-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், நாய் கடித்துத் துண்டித்த ஐந்து வயதுச் சிறுவனின் காதை ஜோசப் அப்டன் என்னும் மருத்துவர் அட்டைகளின் துணையால் காப்பாற்றினார். 2004-ல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அட்டைகளை விற்க ஒரு பிரெஞ்சு நிறுவனத்துக்கு இசைவளித்தது. அட்டையை எந்த வகையில் சேர்ப்பது என்று ஆராய்ந்து, இறுதியில் 'மருத்துவக் கருவி' என்று பதிவு செய்தனர். தன்வந்திரியின் கையில் அது சங்கு சக்கரங்களோடு இருப்பதை நினைத்தால், அந்த அதிகாரிகளின் முடிவு அவ்வளவு வியப்புக்குரியதாகத் தோன்றவில்லை.

மூட்டு வலிக்கு அட்டை விடுவது நம் நாட்டில் பழைய வழக்கம். ஜெர்மனியில் முழங்கால் மூட்டுத் தேய்வுடைய 51 பேரிடம் இதனை ஆராய்ந்து 2003-ல் முடிவு வெளியிட்டனர். அட்டை விடப்பெற்றோருக்கு ஏழாம் நாளில் வலி நன்கு குறைந்திருந்தது; அதற்குப் பின் வலியைப் பொறுத்தவரை, களிம்பு பூசிக்கொண்டவர்களுக்கும் அவர்களுக்கும் இடையே உறுதியான வேறுபாடு தெரியவில்லை. பயன் இல்லாமல் இல்லை. பறைசாற்றும் அளவுக்கும் இல்லை. அட்டை விட்டால் இரத்தம் சுத்தியாகும், சர்க்கரை நோயும் வழுக்கையும் தீரும் என்று விளம்பரம் செய்வோர் புரூசேயின் வாரிசுகளே அன்றி சுஸ்ருதரின் வாரிசுகள் அல்லர்.

நம் நாட்டில் இம்மருத்துவம் இன்றும் நடைபெறுகிறது. காஷ்மீரத்து ஸ்ரீநகரில் ஆண்டுதோறும் மார்ச்சு 21-ஆம் நாளாகிய நவ்ரோஸை ஒட்டி அட்டை விட்டுக்கொள்ள மக்கள் திரள்வதுண்டு. சென்னையை அடுத்த தாம்பரத்தில் 2005-ல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் அட்டைவிடல் சிகிச்சை அளிக்கப்படுகிறது. திருப்பதியில் தேவஸ்தானத்தார் 1983-ல் ஸ்ரீ வேங்கடேசுவர ஆயுர்வேதக் கல்லூரியை நிறுவினர். நாடெங்கும் ஆயுர்வேதப் பட்டப்படிப்பில் சல்லிய தந்திரம் என்னும் அறுவைப் பாடத்துள் ஜலௌகாவசரணம், அதாவது அட்டைவிடல், அடங்கும். மலையேறி முடி காணிக்கை செலுத்தும் பக்தர்கள் கடந்து செல்லும் அதே ஊரில், நாவிதர் கைத்தொழிலாக இருந்த ஒன்றை இன்று எல்லாக் குலத்துப் பிள்ளைகளும் கல்லூரியில் பயில்கின்றனர். தெலுங்கு நாட்டிலும் பிற மாநிலங்களிலும் குடியேறி வாழும் தமிழ் நேயர்கள், தம் தாத்தா காலத்து அட்டைவிடலையும் அண்டை வீட்டார் சொல்லும் ஜலக சிகிச்சையையும் வெவ்வேறு என்று எண்ண வேண்டா. பெயர் இரண்டு, பானை ஒன்று.

விட்டுக்கொள்ள விரும்புவோர் அறியவேண்டியவை சில. இரத்தச் சோகை உடையோர், இரத்தம் உறையாமைக்கு மருந்து உட்கொள்வோர், கருவுற்ற மகளிர் இதனை நாடலாகாது. அட்டையின் குடலில் ஏரோமோனாஸ் என்னும் நுண்கிருமி இயல்பாகவே வாழ்கிறது. அட்டைக்கு இரத்தம் செரிக்க உதவும் அக்கிருமி மனிதர் புண்ணில் புகுந்தால் கடுமையான சீழ் வைக்கும். ஆதலின் அறுவை மருத்துவமனைகளில் அட்டை விடும்போதே அதற்குரிய மருந்தையும் நோயாளிக்குக் கொடுக்கின்றனர். தெருவோரத்தில் கண்ணாடிச் சாடியோடு அமர்ந்திருப்பவரிடம் அம்மருந்தும் இராது, அந்த அட்டை இதற்கு முன் யாரைக் கடித்தது என்ற கணக்கும் இராது.

இந்த ஒன்றில் மட்டும் பழைய விதியும் புதிய விதியும் முற்றிலும் வேறுபடுகின்றன. அரிசிமாவு தூவி, எண்ணெயும் உப்பும் தடவி, கக்கவைத்து, ஏழு நாள் ஓய்வு கொடுத்து, அதே அட்டையை மறுபடியும் எடுத்துப் பயன்படுத்தச் சொன்னார்கள் முன்னோர். ஒருவர் இரத்தத்தின் வழியே மற்றொருவருக்கு நோய் தொற்றும் என்பது தெளிவாகிவிட்ட இக்காலத்தில், ஓர் அட்டை ஒரு நோயாளிக்கு மட்டுமே உரியது, ஒரே முறைதான். பணி முடிந்ததும் அதனைச் சாராயக் கரைசலில் இட்டுக் கொன்று, மருத்துவக் கழிவோடு சேர்த்து அப்புறப்படுத்துகின்றனர்.